ஓணத்துக்கு எத்தனை குலை எடுக்கணும்? சின்னக் கடைக்கு பிசினஸ் இன்டெலிஜென்ஸ், படிப்படியாக

மார்த்தாண்டத்தில் என் மாமாவுக்குச் சிப்ஸ் கடை. 2024 ஆகஸ்டில், போன வருட நோட்டைப் புரட்டிப் பார்த்து அதே அளவுக்கு ஏத்தன்குலை (நேந்திரன் வாழைத்தார்) எடுத்து, பொரித்து, டின் டின்னாக அடுக்கிவிட்டார். சரக்கு நகரவே இல்லை. ஏனென்றால் 2023-ல் திருவோணம் ஆகஸ்ட் 29, 2024-ல் செப்டம்பர் 15. கேரள எல்லையான களியக்காவிளை தாண்டிப் போகிற ஆர்டரெல்லாம் ஓணத்தைப் பார்த்துத்தான் வரும். "எல்லாம் என் மண்டையில கெடக்கு மக்ளே" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், அப்புறம்தான் என்னை லேப்டாப்பைத் திறக்க விட்டார்.

வியாபாரத்தில் ஒன்று மாறுகிறது, அது நமக்குத் தெரிந்து நாமும் மாற எத்தனை நாள் ஆகிறது? அந்த நாட்களைக் குறைப்பதுதான் பிசினஸ் இன்டெலிஜென்ஸ், சுருக்கமாக பிஐ. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-லேயே இந்தப் பெயரில் கட்டுரை எழுதியிருக்கிறார், அதனால் புது மந்திரம் ஒன்றுமில்லை. கூகுள் ஷீட்ஸ் போதும், காசு கிடையாது.

படி 1: ஒரே ஒரு கேள்வி
"விற்பனை எப்படி இருக்கு?" என்பது கேள்வியே இல்லை, அதற்கு என்ன பதில் வந்தாலும் நாளைக் காலையில் நீங்கள் செய்வது மாறப்போவதில்லை. "இந்த வாரம் எத்தனை குலை எடுக்கணும்?" என்று கேளுங்கள்.

படி 2: நோட்டை ஷீட்டில் ஏற்றுங்கள்
ஒரு விற்பனைக்கு ஒரு வரி. தேதி, பொருள், கிலோ, தொகை, உள்ளூரா கேரளமா, இந்த ஐந்தே பத்திதான். மாமா பக்கத்துக்குப் பக்கம் அடியில் கூட்டுத்தொகை போடுவார். அதையும் அப்படியே ஏற்றினால் அதுவும் ஒரு விற்பனையாகி எல்லாம் இரட்டிப்பாகிவிடும். இன்னொரு தலைவலி பெயர். ஏத்தன் சிப்ஸ், ஏத்தங்காய் சிப்ஸ், நேந்திரம் சிப்ஸ் என்று மூன்று விதமாக எழுதியிருந்தார், நமக்கு மூன்றும் ஒன்று, ஷீட்டுக்கு மூன்று சரக்கு. டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் போய், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி வைத்துவிடுங்கள். உண்மையைச் சொன்னால் பாதி நேரம் இந்தப் படியில்தான் போகும், சலித்துக்கொள்ளாதீர்கள்.

படி 3: ஓணக் கணக்கு
ஆறாவதாக ஒரு பத்தி: அந்த வருட ஓணத் தேதியிலிருந்து விற்ற தேதியைக் கழியுங்கள். ஓணத்துக்கு 20 நாள், 10 நாள் என்று வரும். இனி வருடத்துக்கு வருடம் ஒப்பிட வேண்டியது இதைத்தான், மாதத்தை அல்ல. மீன் வியாபாரமா? இதே இடத்தில் மீன்பிடித் தடைக்காலத்தை வையுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிழக்குக் கரையான சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-ல் தொடங்கும், மேற்குக் கரையான குளச்சல் பக்கம் ஜூன் 1-ல், ஆகவே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடாதீர்கள்.

படி 4: பிவட் டேபிள்
நீளமான பட்டியலைத் தானே கூட்டிச் சுருக்கித் தருகிற அட்டவணை இது, இன்செர்ட் மெனுவில் இருக்கிறது. வரிசையில் ஓண நாட்கள், பத்தியில் பொருள், மதிப்பில் கிலோ. அவ்வளவுதான்.

படி 5: படமாக்குங்கள்
கூகுளின் இலவச வரைபடக் கருவியான லுக்கர் ஸ்டுடியோவில் இதே ஷீட்டை இணைத்து, வருடத்துக்கு ஒரு கோடாக வரையுங்கள். ஷீட்டில் புதிதாக ஏற்றுவது சுமார் 15 நிமிடத்தில் அங்கே வந்துவிடும், மொபைலிலும் பார்க்கலாம். மைக்ரோசாஃப்டின் இதே மாதிரிக் கருவியான பவர் பிஐ டெஸ்க்டாப்பும் இலவசம்தான், ஆனால் விண்டோஸில் மட்டும் ஓடும். பத்துப் படம் போடத் தோன்றும், வேண்டாம், இரண்டு போதும்.

படி 6: வாரம் ஒரு நாள் உட்காருங்கள்
பார்த்துவிட்டு மூடிவைத்தால் என்ன பயன்? அன்றைக்கு எடுத்த முடிவைத் தனி ஷீட்டில் எழுதுங்கள்: எத்தனை குலை, ஏன். அடுத்த வாரம் முதல் வேலை, அது சரியா தப்பா என்று பார்ப்பது.

2025-ல் ஓணம் செப்டம்பர் 5. மாமா குலையை மொத்தமாக எடுக்காமல் இரண்டு தவணையாக எடுத்தார். அதைவிட அவரை ஆச்சரியப்படுத்தியது மரச்சீனி (மரவள்ளி) சிப்ஸ்தான். அது ஓணத்தைக் கண்டுகொள்வதே இல்லை, வருடம் முழுக்க ஒரே மாதிரி போகிறது, அதுவும் உள்ளூரிலேயே. இத்தனை வருடமும் ஓணத்துக்கென்று அதையும் சேர்த்துப் பொரித்துக் குவித்திருக்கிறார்.