காவல் நிலையக் கணக்கை ஆய்வேட்டில் எடுத்தாளுவது எப்படி?

குற்றவியல், சமூகப்பணி, சட்டம் படிக்கிற மாணவர்கள் ஆய்வேடு என்றதும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையைத்தான் திறக்கிறார்கள். அதில் இருக்கிற எண்கள் பிறக்கிற இடம் காவல் நிலையம். அங்கே ரைட்டராக, அதாவது வழக்குப் பதிவேடுகளை எழுதுகிற காவலராக, இருந்து ஓய்வுபெற்றவன் நான். வேலையில் இருந்தபோதே தொலைநிலைக் கல்வியில் குற்றவியல் எம்.ஏ. முடித்தேன். அட்டவணையில் உள்ள எண்ணை அப்படியே எடுத்து அத்தியாயத்தில் ஒட்டுவதற்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன.

எண்ணை நம்பும் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று முதலில் ஒரு பக்கமாவது எழுதிவிடுங்கள். இயற்கையை ஆராய்வது போலவே சமூகத்தையும் கண்டறிந்த உண்மைகளை வைத்து ஆராயலாம் என்று 1830 முதல் 1842 வரை எழுதிய நூல்வரிசையில் பிரெஞ்சுத் தத்துவவாதி ஆகஸ்ட் கோம்த் சொன்னார். பாசிட்டிவிசம் என்பது அதுதான். அவரைப் பற்றி அதற்கு மேல் நீட்ட வேண்டாம். உங்களுக்கு வேண்டியவர் பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் கெத்தலே. பிரான்ஸ் அரசு வெளியிட்ட நீதிமன்றக் கணக்குகளைப் பார்த்து, குற்ற எண்ணிக்கை வருடா வருடம் ஏறத்தாழ ஒரே அளவில் வருகிறது என்று 1835-இல் வந்த தன் நூலில் காட்டினார். குற்றத்துக்குத் தனி ஆளின் கெட்ட புத்தி மட்டும் காரணமல்ல, சமூகத்தின் அமைப்பும் காரணம் என்று பேச அது வழி திறந்தது. பெரிய காரியம். ஆனால் அவரே ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறார். நடந்த குற்றம் மொத்தம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தெரியவந்ததற்கும் மொத்தத்துக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருந்தால்தான் கணக்கு செல்லும். அந்த விகிதம் மாறுகிற இடம் ரைட்டரின் மேசை.

அதனால் ஒரே ஒரு வகைக் குற்றத்தை எடுத்துக்கொண்டு, எண்ணைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். ஒரு அம்மா வருகிறார். பஸ் ஏறும்போது கழுத்தில் கிடந்த இரண்டு பவுன் செயின் போய்விட்டது என்கிறார். மனுவை வாங்கிக்கொண்டு, புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தால், அந்தச் செயின் டெல்லி அறிக்கைக்குள் போகாது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் போகும். அதிலும் மனுவில் ‘காணவில்லை’ என்று எழுதியிருக்கிறதா, ‘பறித்தான்’ என்று இருக்கிறதா, ‘கத்தியைக் காட்டினான்’ என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பிரிவு மாறும், அட்டவணையில் கட்டமும் மாறும். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு நிலையம் அதைக் கறாராகக் கடைப்பிடிக்க ஆரம்பித்த வருடம் அங்கே குற்றம் கூடியது போலத்தான் தெரியும். இதை வைத்து அந்த ஊர் கெட்டுவிட்டது என்று எழுதினால், ஒழுங்காகப் பதிவு செய்த அதிகாரிக்குத்தான் கெட்ட பெயர்.

இன்னொரு விதியையும் கவனியுங்கள். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல பிரிவுகள் இருந்தால், தண்டனை அதிகமுள்ள குற்றம் ஒன்றுதான் எண்ணப்படும். மற்றவை நடந்தவைதான், எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஆண்டறிக்கையின் முன்பகுதியிலேயே இந்த விதி இருக்கிறது. அதைத் தாண்டிப் போய் அட்டவணையில் இறங்குவதுதான் நான் அதிகம் பார்க்கிற பழக்கம்.

பதிவு கூடினாலே குற்றம் கூடியது போலத் தெரியும் என்பதற்கு ஆதாரம் வேண்டுமானால் 2020-ஐ எடுங்கள். அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் 2019-இல் 29,469 வழக்குகள், 2020-இல் 6,12,179. கூடியவற்றில் பெரும்பாலானவை ஊரடங்கு விதிகளை மீறியதாகப் போட்ட வழக்குகள். நாட்டின் மொத்தக் குற்றக் கணக்கு அந்த ஆண்டு 28 சதவீதம் ஏறியது. அதே ஆண்டில் சாதாரணத் திருட்டு குறைந்திருந்தது.

தற்கொலைக் கணக்கை எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-இல் அரசுப் புள்ளிவிவரங்களை வைத்தே தன் கோட்பாட்டைக் கட்டினார். ஒரு சாவைத் தற்கொலை என்று தீர்மானிப்பதே மனிதர்கள் எடுக்கிற முடிவு, அதை எப்படி மூல உண்மையாகக் கொள்வது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் 1967-இல் கேட்டார். நம் ஊரில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ‘தீராத வயிற்று வலி’ என்று செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருப்பீர்கள்! சந்தேக மரண வழக்கில் குடும்பத்தார் கொடுக்கிற புகாரில் அந்த வாசகம் வரும். பெண்ணின் பெயர் அடிபடக் கூடாது, கடன்காரன் வாசலுக்கு வந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று பல காரணம். பிறகு அது ‘நோய்’ என்ற கட்டத்தில் போய் உட்காரும். ஆகவே காரண வாரியான அட்டவணையைப் பயன்படுத்தினால், ‘குடும்பத்தார் கூறி, காவல்துறை பதிவு செய்த காரணம்’ என்று தலைப்பை மாற்றி எழுதுங்கள்.

எண்ணிக்கையே குற்றத்தை உண்டாக்கிய கதையும் நம் மண்ணில் உண்டு. அதை விட்டுவிட்டு யாரும் இந்தத் தலைப்பில் எழுதக் கூடாது என்பது என் கருத்து. பிறவிக் குற்றவாளியை மண்டையோட்டிலும் தாடையிலும் அடையாளம் காணலாம் என்று பாசிட்டிவிச வழியில் வந்த இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876-இல் எழுதினார். இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, அப்படி ஓர் உடல்வகையே இல்லை என்று 1913-இல் காட்டினார். பாசிட்டிவிசத்தின் தவறை அதன் சொந்த முறையே திருத்திய இடம் அது. அப்படித் திருத்தம் வருவதற்குள் இங்கே என்ன நடந்தது? சில சாதிகளை மொத்தமாகவே குற்றவாளிகள் என்று அறிவித்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இலேயே வந்துவிட்டது, லொம்ப்ரோசோவுக்கும் முன்னால். 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். கைரேகை வைக்க வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆஜராகாவிட்டால் அதுவே குற்றம். மகளைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போனவரும் வழக்கில் சேர்வார். அந்த வழக்கு, இந்தச் சாதிக்குக் குற்றம் பழக்கம் என்பதற்கு அடுத்த சான்றாகும். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் போனது.

இந்தப் பாடத்தை இன்றைக்குப் பொருத்திப் பாருங்கள். சரித்திரப் பதிவேடு (காவல் நிலையம் கண்காணிப்புக்காக வைக்கும் ஹிஸ்டரி ஷீட்) உள்ளவர் மேல், இனி ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்குவதற்காக மறுபடி மறுபடி பதிவாகும் நன்னடத்தைப் பிணை வழக்குகளை, அவர் திரும்பத் திரும்பக் குற்றம் செய்தார் என்பதற்குச் சான்றாக எண்ணாதீர்கள். தடுப்பு நடவடிக்கையைத் தனி நிரலில் வையுங்கள்.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இன்னொன்று. ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின் 1832-இல் சொன்ன சட்டப் பாசிட்டிவிசம் வேறு: சட்டம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அது நல்லதா என்பது வேறு கேள்வி. லொம்ப்ரோசோ கூட்டத்தார் சட்டத்தை விட்டுக் குற்றவாளியின் பக்கம் திரும்பியவர்கள். அவர்களில் நீதிபதியான கரோஃபலோ, எந்தச் சட்டமும் சொல்லாமலே குற்றமாக இருப்பது எது என்றுகூடத் தேடினார். ஆனால் உங்கள் அட்டவணை ஆஸ்டின் வழியில்தான் நடக்கும்: பிரிவு இருந்தால் குற்றம். 2024 ஜூலை 1 முதல், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு என்பது 304-ஆவது பிரிவாகத் தனியே நிற்கிறது. அந்தத் தேதியைத் தாண்டிச் செயின் பறிப்பை ஒப்பிட்டால், இரண்டு பக்கமும் எந்தெந்தப் பிரிவுகளைக் கூட்டினீர்கள் என்று அடியில் எழுத வேண்டும்.

கடைசியாக, மூலத்தைக் கேட்டு வாங்குங்கள். மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். ஒரு நிலையம், மூன்று ஆண்டு, மாத வாரியாக: கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது எத்தனை, அவற்றில் எஃப்.ஐ.ஆர். ஆனது எத்தனை, பிரிவு மாற்றம் செய்யப்பட்டது எத்தனை. பெயர், முகவரி, வழக்கு விவரம் எதையும் கேட்காதீர்கள். கேட்டால் விசாரணை பாதிக்கும் என்று அந்தச் சட்டத்தின் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுக்க இடம் கிடைக்கும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் ஆய்வுக் கால அட்டவணையைப் போட வேண்டும்.