மூளைச்சாவு ஸ்கேனுக்கு நோயாளியைக் கொண்டுபோகும்போது

நாகர்கோவில் பக்கம் ஐசியுவில் புதிதாகச் சேரும் நர்ஸ் தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஸ்கேன் மட்டும் மூளைச்சாவைத் தீர்மானிக்காது. நம் சட்டப்படி நான்கு டாக்டர்கள் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை சோதித்த பிறகுதான் கையெழுத்துப் போடும். அந்தச் சோதனையை முழுதாகச் செய்ய முடியாதபோது ஸ்கேன் துணைக்கு வரும். மார்த்தாண்டம் ரோட்டில் பைக் மோதி முகம் நசுங்கியவருக்குக் கண்பாப்பாவை எப்படிப் பார்ப்பது? நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு, வென்டிலேட்டரை விலக்கி மூச்சு வருகிறதா என்று பார்க்கும் அப்னியா டெஸ்டை நம்ப முடியாது.

சாதா சிடியில் ரத்தக்கசிவும் வீக்கமும் தெரியும், ரத்த ஓட்டம் தெரியாது. அதைப் பார்க்க, டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கும் ஐசோடோப் ஸ்கேன் உதவும். அதை எடுக்கும் காமிரா எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது.

கிளம்பும் முன் பிபியைப் பாருங்கள். மேல் அளவு 100க்குக் கீழே இருந்தால் போகவே வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். பிபி விழுந்த நிலையில் எடுத்த படத்தை நம்ப முடியாது. பிபியைத் தாங்கிப் பிடிக்கும் நாரட் (நாரட்ரினலின்) மருந்து சிரிஞ்ச் தீரப்போகிறதென்றால் அடுத்ததை லோட் செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரின் மீட்டரையும் நீங்களே பாருங்கள்.

அப்புறம் ஊசி லைன். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. சலைன் விட்டு, ஊசி முனைக்கு மேலே தோல் உப்புகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்துவிட்டால், ரத்தம் ஓடுகிற தலைகூடப் படத்தில் வெறுமையாகத்தான் தெரியும். அதனால் ஊசி போட்ட இடத்தையும் ஒரு படம் எடுக்கச் சொல்லி டெக்னீஷியனிடம் கேளுங்கள். மருந்து ஏற்றி சுமார் 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் மண்டைக்குள் ஒன்றுமில்லாமல், மூக்குப் பகுதி மட்டும் பளிச்சென்று தெரிந்தால், மூளைக்கு ரத்தம் போகவில்லை.

வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள், "சிஸ்டர், ஸ்கேன்ல உயிர் தெரியுதா?" என்று கேட்பார்கள். "மூளைக்கு ரத்தம் போகுதான்னு பார்த்திருக்கு அண்ணாச்சி, முடிவை டாக்டர் உங்களை உட்காரவெச்சுச் சொல்லுவாரு" என்று சொன்னால் போதும். குழு அறிவிக்கும் முன்னால் உறுப்பு தானம் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பிறகும் அதைப் பேச வேண்டியவர்கள் டாக்டரும், உறுப்பு தான வேலைகளை ஒருங்கிணைக்கும் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரும்தான்.