காப்பீட்டு அட்டையை ஏற்கும் பொது மருத்துவரைத் தேடும் முறை: பாலக்காட்டு எல்லைத் தமிழர்களுக்கு

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் வைத்தியத்துக்கு மேற்கே பாலக்காட்டுக்கும் செல்வதுண்டு, கிழக்கே பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் செல்வதுண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், விடாத காய்ச்சல், மூச்சிரைப்பு என்று பொது மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை வரும்போது, 'கார்டு எடுக்கும் டாக்டர் யார்' என்றே பெரும்பாலோர் விசாரிக்கின்றனர். கேரள அரசின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா காப்பீட்டுத் திட்டமும், அதனோடு இணைந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் தனி மருத்துவர்களை அங்கீகரிப்பதில்லை, மருத்துவமனைகளையே அங்கீகரிக்கின்றன. மேலும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற வரம்பு, படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உரியது. ஓ.பி. (புறநோயாளி) சீட்டு எடுத்து மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் செலவு அதில் அடங்காது. இது தெரியாமல் தனியார் மருத்துவமனையில் அட்டையை நீட்டி, ஆலோசனைக் கட்டணத்தைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு வருவோர் பலர்.

ஆகவே, மாதாமாதம் காட்டி மாத்திரை வாங்கும் நோயாக இருந்தால் காப்பீட்டை மறந்துவிட்டு அரசு மருத்துவமனையைத் தேடுவதே சரி. அருகிலுள்ள அரசுக் குடும்ப ஆரோக்கிய மையத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பரிசோதனையும் மாத்திரையும் கிடைக்கும், அங்குள்ள எம்.பி.பி.எஸ். மருத்துவரே பெரும்பாலான நோயாளிகளுக்குப் போதுமானவர். அதற்கு மேல் தேவையென அவர் கருதினால், சித்தூர் தாலுகா மருத்துவமனைக்கோ பாலக்காட்டுக்கோ பரிந்துரைச் சீட்டு எழுதித் தருவார். பழைய பரிசோதனை முடிவுகளை ஒரே உறையில் போட்டுக் கொண்டுசெல்லுங்கள். புதிய மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு நிலைமை வேறு. தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. காப்பீட்டுத் திட்டத்தில் புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் சேர்ந்தே வருகின்றன. மனைவி மக்களோடு, சார்ந்து வாழும் பெற்றோருக்கும் உரிமை உண்டு. வேலை கோவையிலும் குடும்பம் கேரளத்திலும் இருந்தால், பதிவின்போது தொழிலாளிக்கு ஒரு டிஸ்பென்சரியும் (இ.எஸ்.ஐ. மருந்தகம்) குடும்பத்துக்கு வேறொன்றும் குறிப்பிடலாம். இதை நிறுவனத்தின் அலுவலகத்தில் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது. எல்லையோரத்தில் இந்த வசதியைப் பயன்படுத்தாதவர்களே அதிகம்.

படுக்கையில் சேர வேண்டிய நிலை வரும் என்று தோன்றினால், அதற்கு முன்பே அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆயுஷ்மான் பாரத் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றைத் தேர்ந்து தேடலாம். 14555 என்ற எண்ணிலும், கேரள அரசின் 'திசா' சுகாதார உதவி எண்ணான 1056-இலும் கேட்கலாம். பிரிவைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். வாசலில் 'காப்பீடு ஏற்கப்படும்' என்று பலகை வைத்திருக்கும் மருத்துவமனைக்குக் கண் சிகிச்சைக்கு மட்டுமே அங்கீகாரம் இருக்கலாம். எனவே தொலைபேசியில் அழைத்து, 'ஜெனரல் மெடிசின் (பொது மருத்துவப்) பிரிவில் இந்த அட்டைக்குச் சேர்த்துக்கொள்கிறீர்களா, எம்.டி. அல்லது டி.என்.பி. மேற்படிப்பு முடித்த மருத்துவர் எந்தெந்த நாட்களில் இருக்கிறார்' என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். பட்டியலில் மருத்துவமனைகள் சேர்வதும் விலகுவதும் உண்டு. சென்ற ஆண்டு அண்டை வீட்டார் சேர்ந்தார் என்பது இந்த ஆண்டுக்குச் சான்றாகாது.

எல்லையைத் தாண்டிக் கோவைக்குச் செல்ல நினைப்போர் இன்னும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். ஆயுஷ்மான் பாரத் பயனாளியின் அட்டை வேறு மாநிலத்திலும் செல்லும். ஆனால் மாநில அரசு தன் செலவில் கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட குடும்பத்துக்கு அந்த வசதி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் கேரளக் குடும்ப அட்டைக்கு வழங்கப்படுவதன்று. தொலைபேசியில் அட்டை எண்ணைச் சொல்லி, அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் உறுதிசெய்த பின்னரே பேருந்து ஏறுங்கள்.

அந்த மேசையில்தான் பலருக்கும் தடங்கல் வருகிறது. ரேஷன் அட்டையில் தந்தை பெயர் முழுதாகவும் ஆதாரில் வெறும் தலைப்பெழுத்தாகவும் இருந்தால், கணினி இரண்டையும் ஒருவராக ஏற்காமல் போகலாம். வயல் வேலையில் ரேகை தேய்ந்த முதியவர் விரலை வைத்தால் கருவி திரும்பத் திரும்ப மறுக்கும். அப்போது ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. வழியாகவோ கண் பதிவு வழியாகவோ சரிபார்க்கும்படி கேட்கலாம். ஆகவே அந்த எண் யாரிடம் இருக்கிறதோ அவர் உடன் வருவது நல்லது. மகன் திருப்பூரில் இருந்து, எண் அவன் பெயரில் இருந்தால், சேர்க்கும் நேரத்தில் அழைப்பை எடுக்கச் சொல்லி வைக்க வேண்டும்.

சிகிச்சைக்கான முன் அனுமதி வந்த பின் மருந்துக்கோ பரிசோதனைக்கோ தனியாகப் பணம் கேட்டால், இரசீது கேளுங்கள். பிறகு 14555-இல் புகார் செய்யலாம். சேர்வதற்கு முந்தைய 3 நாள் பரிசோதனைச் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும் ஆயுஷ்மான் பாரத் தொகுப்பிலேயே அடங்கியவை. ஆதலால் டிஸ்சார்ஜ் சுருக்கத்தை வாங்கும்போதே அந்த மருந்துகளையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.