சிரட்டையும் புளியங்கொட்டையும்: முற்றத்தில் முன்பள்ளி விளையாட்டைத் தொடங்குவது எப்படி?

முன்பள்ளியால் வந்த பிள்ளையிடம் "இண்டைக்கு என்ன படிச்சனீங்கள்?" என்று கேட்டால், "விளையாடினனான்" என்று பதில் வரும். அதைக் கேட்டு முகம் சுழிக்கிற பெற்றோர் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். கொப்பி நிறைய ஆனா, ஆவன்னா இருந்தால்தான் படிப்பு என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் 3, 4 வயதுப் பிள்ளை கற்பதில் பெரும்பகுதி அந்த விளையாட்டுக்குள்தான் நடக்கிறது. வீட்டிலும் அதைச் செய்யலாம். காசு கொடுத்து ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

முதலில் சாமான்கள்

நாலைந்து சிரட்டை, ஒரு பால்மாப் பேணி, ஒடுங்கிய போத்தல் ஒன்று, சுளகு, ஒரு பிடி புளியங்கொட்டை. இவ்வளவும் போதும்.

3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொட்டைகள் வேண்டாம். தொண்டையில் அடைக்கும், மூக்குக்குள்ளும் போகும். பெரிய பிள்ளை என்றாலும் பக்கத்திலேயே இருங்கள். அலரிக்கொட்டையும் குன்றிமணியும் கொடிய நஞ்சு. வேலியோரம் மஞ்சள் அலரி நின்றால், காய் விழுந்து கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிள்ளையை இறக்குங்கள். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

படி 1: மண்ணும் தண்ணீரும்

சிரட்டையில் ஈரமண்ணை அடைத்துக் கவிழ்த்துப் பிட்டு அவிக்கட்டும். பிசைவதும் அழுத்துவதும் விரல்களுக்கு நல்ல பயிற்சி. மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகிவர வருடக்கணக்காகும்; முன்பள்ளி வயதில் அது முடிந்திருக்காது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதவைக்க என்ன அவசரம்?

அப்புறம், பேணித் தண்ணீரைப் போத்தலுக்குள் ஊற்றச் சொல்லுங்கள். போத்தலில் தண்ணீர் உயரமாகத் தெரிவதால் "கூடிட்டுது" என்று பிள்ளை சொல்லும். பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அளவு மாறவில்லை என்பது பெரும்பாலும் 6, 7 வயதளவில்தான் பிடிபடும். பிழை என்று சொல்லாதீர்கள், திரும்பத் திரும்ப ஊற்றட்டும்.

படி 2: கொட்டை எண்ணுதல்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 20 வரை கடகடவென்று சொல்லும் பிள்ளையிடம், "எனக்கு நாலு கொட்டை தாங்கோ" என்று கையை நீட்டிப் பாருங்கள். பல பிள்ளைகள் ஒரு பிடி அள்ளித் தந்துவிடுவார்கள். எண்ணின் பெயர்கள் அவர்களுக்கு ஒரு பாட்டு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது தனியாகப் புரியவேண்டிய விஷயம்.

அதற்கு இப்படிச் செய்யுங்கள். சுளகில் 3 கொட்டைகளை மட்டும் வையுங்கள். "ஒண்டு" என்னும்போது ஒரு கொட்டை சிரட்டைக்குள் போகவேண்டும். "ரெண்டு" என்றால் அடுத்தது. முடிந்ததும் "எல்லாமா எத்தினை?" என்று கேளுங்கள். பிள்ளை மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் அது இன்னும் பிடிபடவில்லை. நீங்களே எண்ணி, "ஒண்டு, ரெண்டு, மூண்டு. மூண்டு கொட்டை" என்று முடித்துக் காட்டுங்கள். ஒன்று புரிந்து, சில மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று என்றுதான் இது வரும். அவசரப்பட்டு 10க்குத் தாவவேண்டாம்.

படி 3: சந்தை

விறாந்தையில் திருநெல்வேலிச் சந்தையைப் போடலாம். பூவரசம் இலைதான் காசு. "கத்தரிக்காய் என்ன விலை?" என்று நீங்கள் கேளுங்கள், விலையைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். கூடிப்போச்சு என்று பேரம் பேசுங்கள். வாய் திறவாத பிள்ளையும் இதில் கதைக்கத் தொடங்கும். இலையைக் காசாக நினைக்கப் பழகுவது, பின்னால் "அ" என்ற வடிவத்தை ஓர் ஒலியாக நினைப்பதற்கும் உதவும்.

பக்கத்துவீட்டுப் பிள்ளை வந்து, விற்காமல் வாங்காமல் தன்பாட்டில் மண் அள்ளிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். அருகருகே தனித்தனியாக விளையாடுவதும் ஒரு கட்டம் என்று, பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் எழுதியிருக்கிறார். சேர்ந்து விளையாடுவது அதிலிருந்து வளரும்.

படி 4: ஓட்டம்

கெந்துதல், ஓடிப்பிடித்தல். "நில்" என்றால் அப்படியே நிற்கவேண்டும் என்ற ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடுகிற காலை நிறுத்தப் பழகும் பிள்ளை தன்னை அடக்கவும் பழகுகிறது.

நேரம் பற்றிக் கேட்பீர்கள். பிள்ளைக்குச் சலிப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள், அவ்வளவுதான். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாமல் இருந்தாலோ, 3 வயதாகியும் சிறு வசனங்கள்கூட வராமல் இருந்தாலோ, "தானாக் கதைக்கும்" என்று காத்திருக்காமல் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.