0–100 எண்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அறிமுகமானால் போதும், அன்று மாலைக்குள் ஒப்பீட்டுப் பட்டியல்கள் வந்துவிடுகின்றன. பவர், டார்க், எடை, கடைசி வரியில் ‘0–100: 3.1 விநாடி’, அதாவது நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட ஆகும் நேரம். கார்களைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்களும், ஜிபிஎஸ் கருவியோடு டெஸ்டிங்கில் இறங்குகிறவர்களும் அந்தக் கடைசி வரியில்தான் சறுக்குகிறார்கள். இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் ஒரு காலத்தில் சறுக்கிய இடங்கள்தான். அதே இடத்தில் அடுத்தடுத்த ஆட்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. டயரில் காற்று பார்க்காமல் ஓட்டுவது, ஏ.சி.யை அணைக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே சரியாகிவிடும்.

மதிப்பீட்டை டெஸ்ட் ரிசல்ட்டாக எடுத்துக்கொள்வது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஒரு காருக்கு மூன்று விதமான 0–100 எண்கள் உண்டு. தயாரித்த நிறுவனம் அறிவிப்பது ஒன்று. டெஸ்ட் செய்ய கார் கிடைப்பதற்கு முன் பத்திரிகைகள் கணக்குப் போட்டுச் சொல்வது இன்னொன்று. காரை ஓட்டி, கருவி வைத்து அளந்தது மூன்றாவது. ‘கார் அண்ட் டிரைவர்’ மாதிரியான பத்திரிகைகள் இரண்டாவது வகை எண்ணைப் போடும்போது, இது எங்கள் மதிப்பீடு என்று பக்கத்திலேயே குறித்துவிடுகின்றன. அதில் ஒரு குற்றமும் இல்லை. அந்த எண்ணை அங்கிருந்து எடுத்து வேறொருவர் எழுதும்போதுதான் ‘மதிப்பீடு’ என்ற சொல் விழுந்துவிடுகிறது. அவரைப் பார்த்து எழுதுகிறவர் கையில் அது ‘டெஸ்டில் 3.2 விநாடி’ என்று ஆகிவிடுகிறது. அதன் பிறகு அந்த எண்ணை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது.

என்னிடம் வேலை பழகிய ஒரு பையன் இப்படித்தான் ஒரு பட்டியல் போட்டுக் கொண்டுவந்தான். பழைய மாடலுக்கு 3.4, புது மாடலுக்கு 3.2. “புதுசு ரெண்டு பாயிண்ட் வேகம் அண்ணா” என்றான். பழையது டிராக்கில் அளந்தது, புதியது கணக்குப் போட்டது. இரண்டும் ஒரே கட்டத்தில், ஒரே எழுத்துருவில் உட்கார்ந்திருந்தன. நான் திருத்தச் சொல்வதற்கு முன்பே அந்தப் பட்டியல் அவன் நண்பர்கள் கைக்குப் போயிருந்தது. அதில் ஒருவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியதை புக் செய்தார். பிறகு அந்தப் புதிய காரை முறையாக அளந்தபோது 3.5 வந்தது. நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று அவர் கொதித்தார். ஆனால் 3.2 என்று நிறுவனம் எங்கேயும் சொல்லவே இல்லை. நல்ல கார் அது. யாரோ போட்ட கணக்குக்காகக் கெட்ட பெயர் வாங்கியது. அவருக்குப் பண நஷ்டம், காருக்குப் பெயர் நஷ்டம்.

கணக்கு ஏன் தவறுகிறது? பெரும்பாலும் மதிப்பீடு குதிரைத்திறனையும் எடையையும் வகுத்து, முந்தைய மாடலின் டெஸ்ட் எண்ணோடு பொருத்திப் பார்த்துச் செய்யப்படுகிறது. வேகம் ஏறிய பிறகு இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். புறப்படும்போது வராது. முதல் 50, 60 கி.மீ. வேகம் வரை இன்ஜின் எவ்வளவு தள்ளுகிறது என்பதை விட, டயர் எவ்வளவு தாங்குகிறது என்பதுதான் முடிவு செய்யும். 100 கி.மீ. வேகம் வரை இடைவிடாமல் 1 ஜி முடுக்கத்தில் (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம்) போனாலே 2.83 விநாடி ஆகும். அதற்குக் கீழே இறங்க வேண்டுமென்றால் டயர், தரை, எடைப் பகிர்வு எல்லாமே கைகொடுக்க வேண்டும். பின்சக்கர டிரைவ் காரில் 200 குதிரைத்திறனைக் கூட்டினால் கணக்கில் நேரம் குறையும். டிராக்கில் புகைதான் கூடும். எடையும் ஒரு கண்ணிதான். சில நிறுவனங்கள் முதலில் திரவங்கள் இல்லாத உலர் எடையைத்தான் சொல்கின்றன. எரிபொருள், கூலன்ட், ஆயில் எல்லாம் சேர்ந்த எடை பிறகு வரும். அதற்குள் மதிப்பீடு அச்சாகியிருக்கும்.

தவறு ஒரே பக்கமாக நடந்தாலாவது பழகிக்கொள்ளலாம். அப்படியும் இல்லை. போர்ஷே 911 டர்போ எஸ் (992 தலைமுறை) 0–60 மைல் வேகத்துக்கு 2.6 விநாடி என்று நிறுவனம் அறிவித்தது. ‘கார் அண்ட் டிரைவர்’ அளந்தபோது 2.2 வந்தது. டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டுக்கு 1.99 என்றார்கள். ‘மோட்டார் டிரெண்ட்’ 2021-ல் அளந்தது: பசை பூசித் தயார் செய்த டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டுப் பந்தயத் தளம்) 1.98, சாதாரணத் தார்த் தளத்தில் 2.07. ஒருவர் குறைத்துச் சொல்கிறார், இன்னொருவர் மிகச் சாதகமான சூழலில் கிடைப்பதைச் சொல்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘போர்ஷே அரை விநாடிக்கு மேல் பின்தங்குகிறது’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு என்ன பயன்?

இன்னொரு உதாரணமும் உண்டு. இரண்டாம் தலைமுறை டெஸ்லா ரோட்ஸ்டரை 2017 நவம்பரில் அறிவித்தார்கள். 0–60 மைலுக்கு 1.9 விநாடி என்றார்கள். 2020-ல் வரும் என்றார்கள். அந்த ஆண்டு முடிந்தது, கார் வரவில்லை. ஆனால் அந்த 1.9 ‘உலகின் வேகமான கார்கள்’ பட்டியல்களில், அளந்து பார்த்த கார்களுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. வாங்கியவர் எவரும் சாவி போட்டுக் கிளப்பிப் பார்க்காத கார் எப்படி முதலிடம் பிடிக்கும்?

மூன்று வகைக்கும் மூன்று தனிக் கட்டங்கள் போடுங்கள். அளந்த எண் இல்லையென்றால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். பட்டியல் அழகாக இருக்க வேண்டும் என்று நிரப்பாதீர்கள்.

60 மைலையும் 100 கிலோமீட்டரையும் ஒன்றாக நினைப்பது

60 மைல் என்பது 96.56 கி.மீ. வேகமான காருக்கு வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு விநாடிதான். ஆனால் 98-ல் கியர் மாற வேண்டிய கார் என்றால் அது இன்னும் விரியும்.

ரோல்அவுட் கழித்தார்களா என்று பார்க்காதது

அமெரிக்க டிராக் ஸ்ட்ரிப்பில் முன் டயர் ஒளிக்கற்றையை மறித்தபடி நிற்கும். டயர் நகர்ந்து கற்றையை விட்டு விலகும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் கார் ஏறக்குறைய ஓர் அடி நகர்ந்திருக்கும். இதைத்தான் ரோல்அவுட் என்கிறார்கள். இதைப் பின்பற்றி, அமெரிக்கப் பத்திரிகைகள் ஜிபிஎஸ் கருவியில் அளக்கும்போதும் முதல் ஓர் அடிக்கான நேரத்தைக் கழித்துவிடுகின்றன.

ஓர் அடிதானே என்று நினைக்க வேண்டாம். 1 ஜி முடுக்கத்தில் புறப்படும் காருக்கு அந்த 30 சென்டிமீட்டரைக் கடக்கக் கால் விநாடி ஆகிறது. அதாவது கடிகாரம் தொடங்கும்போதே கார் மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் இருக்கிறது. பாதி முடுக்கத்தில் புறப்படும் காருக்கு 0.35 விநாடி. மெதுவான காருக்குக் கிடைக்கும் சலுகை அதிகம்!

மேலே சொன்ன பிளெய்டின் 1.99 ரோல்அவுட் கழித்த எண். டாட்ஜ் டீமன் 170-க்குச் சொல்லப்படும் 1.66 விநாடியும் அப்படித்தான். கூடவே தயார் செய்த டிராக் தரை வேறு. டெஸ்லா தன் அதிவேக ரகங்களுக்கு மட்டும் கழித்தும், மற்ற ரகங்களுக்குக் கழிக்காமலும் எண் சொன்னதுண்டு. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு கார்களை ஒப்பிடும்போதும் அடிக்குறிப்பைப் படித்தே ஆக வேண்டும். டிராகி, விபாக்ஸ் போன்ற கருவிகளில் இரண்டு விதமாகவும் நேரம் பார்க்கலாம். எதைக் குறித்தீர்கள் என்பதை எண்ணின் பக்கத்திலேயே எழுதுங்கள். நாளைக்கு உங்களுக்கே நினைவிருக்காது.

ஸ்பீடோமீட்டரை வீடியோ எடுத்து நேரம் பார்ப்பது

ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டும்படிதான் அமைக்கப்படுகிறது. ஐ.நா. ஒழுங்குமுறை 39-இன்படி, அது உண்மை வேகத்தை விடக் குறைத்துக் காட்டவே கூடாது. 10 சதவீதமும் அதற்கு மேல் மணிக்கு 4 கி.மீ.யும் கூட்டிக் காட்டலாம். உண்மையில் 100-ல் போகும் காரில் 114 வரை காட்டினாலும் விதிக்கு உட்பட்டதே. முள் 100-ஐத் தொடும்போது கார் 96-ல் இருந்தால், நான்கு விநாடிக் காருக்கு ஐந்தில் ஒரு பங்கு விநாடி இனாமாகக் கிடைத்துவிடும். ‘கம்பெனி சொன்னதை விட என் கார் வேகம்’ என்று வரும் வீடியோக்களில் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஒரே ஓட்டத்தோடு முடித்துக்கொள்வது

எதிர்த்திசையிலும் ஓட்டுங்கள். கண்ணுக்கே தெரியாத 1 சதவீதச் சரிவு, ஆறு விநாடிக் காருக்கு பத்தில் ஒரு பங்கு விநாடியைக் கொடுக்கும். காற்றும் அப்படித்தான்.

பேட்டரி அளவைக் குறிக்காதது

மின்சாரக் கார் என்றால் சார்ஜ் எத்தனை சதவீதம், பேட்டரி சூடாக்கப்பட்டிருந்ததா என்பதை எழுதாத எண்ணை நான் படிப்பதே இல்லை.

பொதுச் சாலையில் அளப்பது

கூடாது.

0–100-ஐ மட்டும் பார்ப்பது

0–100 எண்ணில் பாதி, டயரும் லாஞ்ச் கன்ட்ரோலும் (சக்கரம் வீணாகச் சுழலாமல் காரைப் புறப்படவைக்கும் மின்னணு ஏற்பாடு) சேர்ந்து செய்யும் வேலை. இன்ஜினின் உண்மையான பலம் தெரிய வேண்டுமானால், கால் மைல் ஓட்டத்தின் முடிவில் கார் என்ன வேகத்தில் கோட்டைக் கடந்தது என்று பாருங்கள். புறப்படும்போது சக்கரம் சுழன்று அரை விநாடி வீணானாலும் அந்த வேகம் பெரிதாக மாறாது. நிறுவனம் சொன்ன குதிரைத்திறன் நிஜம்தானா என்று பார்க்கவும் இதுதான் வழி.

இன்னொன்று, ‘கார் அண்ட் டிரைவர்’ தனியாக அளக்கும் 5–60 மைல். லாஞ்ச் கன்ட்ரோல் இல்லாமல், நகர்ந்துகொண்டே இருக்கும் காரில் ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் என்ன நடக்கிறது என்பதை இது காட்டிவிடும். டர்போ காரில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்வரை காத்திருக்கும் அந்த இடைவெளி 0–60-ல் மறைந்துவிடும்; இதில் அப்பட்டமாகத் தெரியும். இரண்டு கார்களுக்கு 0–60 ஒரே எண்ணாக இருந்தால், நான் அடுத்துத் தேடுவது இந்த வரியைத்தான்.