இரண்டு வயதுப் பிள்ளையோடு செந்தோசாவில் விருந்து: முதன்முறை போகிறவர்களுக்கு

"பிள்ளை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் போகலாம்" என்று நல்ல உணவகங்களைத் தள்ளிப்போடும் இளம் பெற்றோரை நம் உறவுகளில் நிறையப் பார்க்கிறேன். தள்ளிப்போட வேண்டியதே இல்லை. சிங்கப்பூரின் செந்தோசா தீவில் இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசா என்ற உல்லாச வளாகத்தில் உள்ள மேல்தர உணவகங்களுக்கு என் மகளை அழைத்துப் போனதில் நான் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். பாதி வேலை வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

முதல் படி: நேரத்தைப் பிள்ளையின் தூக்கம் முடிவு செய்யட்டும்

முதன்முறை பகல் முழுவதும் அந்த வளாகத்தின் கேளிக்கைப் பூங்காவான யுனிவர்சல் ஸ்டுடியோஸில் சுற்றிவிட்டு, இரவு ஏழு மணிக்கு மேசை பதிவு செய்திருந்தோம். சூப் வருவதற்குள் மகள் தூங்கிப்போனாள். தட்டுச் சத்தத்தில் விழித்து அழ ஆரம்பித்தவள் ஓயவே இல்லை. நானும் மனைவியும் மாறி மாறி வெளியே தூக்கிக்கொண்டு நடந்து, ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம்.

அடுத்த முறை மதியம் கடை திறக்கும் நேரத்துக்கே போனோம். பசி வந்திருந்தது, தூக்கம் இன்னும் வரவில்லை. கூட்டமில்லாததால் சிப்பந்திகளும் நிதானமாகக் கவனித்தார்கள். பல இடங்களில் மதிய உணவு இரவைவிட விலை குறைவு என்பது கூடுதல் லாபம்.

இரண்டாம் படி: தொலைபேசியில் பேசுங்கள்

இணையத்தில் முன்பதிவு செய்தாலும் ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். சிறு பிள்ளைகளை அனுமதிக்கிறார்களா, குழந்தை நாற்காலி உண்டா, தள்ளுவண்டியை மேசை அருகே நிறுத்த முடியுமா, வீட்டில் செய்த உணவைப் பிள்ளைக்கு மட்டும் ஊட்டலாமா என்று கேளுங்கள். உணவகம் கேளிக்கைப் பூங்காவின் வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதையும் கேட்க வேண்டும். உள்ளே என்றால் பூங்கா டிக்கெட்டும் வாங்க வேண்டிவரும். பாட்டி சைவம் என்றால் அதை அப்போதே சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் சமையலறையில் தனியாக ஏதாவது செய்து தர முடியும். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் பெரும்பாலும் சாலட்டும் ரொட்டியும்தான் கிடைக்கும்.

மூன்றாம் படி: ரசீதை வீட்டிலேயே கணக்குப் போடுங்கள்

உணவுப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10% சேவைக் கட்டணமும் அதன் மேல் 9% பொருள் சேவை வரியும் சேரும். 200 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டால் கட்டுவது 239 வெள்ளி 80 காசு. தனியாக டிப்ஸ் வைக்கும் வழக்கம் இங்கே இல்லை.

நான்காம் படி: போய்ச் சேருவது

ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில் தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் முதல் நிறுத்தமே ரிசார்ட்ஸ் வேர்ல்டு. வாடகை கார் அழைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்குத் தகுந்த இருக்கை வேண்டும் என்ற சட்டத்திலிருந்து டாக்சிக்கு மட்டுமே விலக்கு உண்டு, செயலியில் அழைக்கும் தனியார் வாடகை காருக்கு இல்லை.

பையில் டயப்பர், மாற்றுடை, ஈரத்தாள், மூடியுள்ள தண்ணீர்க் குவளை, ஒரு ஸ்வெட்டர். ஸ்வெட்டரை மறக்காதீர்கள், வெளியே வியர்த்து வந்த பிள்ளைக்கு உள்ளே குளிர்சாதனம் சட்டென்று உறைக்கும்.

ஐந்தாம் படி: மேசையில்

உட்கார்ந்ததும் கத்தி, முள்கரண்டி, கண்ணாடிக் குவளை, சூடான தேநீர் எல்லாவற்றையும் பிள்ளையின் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்துங்கள். மேசை விரிப்பின் தொங்கும் நுனியை மடித்துச் செருகுங்கள். அதை இழுத்தால் எல்லாம் சேர்ந்து வரும்.

உங்கள் உணவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பிள்ளையின் உணவைச் சொல்லிவிடுங்கள். தயாரானதும் முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். வெறும் சோறு, ஆவியில் வெந்த மீன், வெண்ணெய் தடவிய ரொட்டி போன்றவை போதும். மீனில் முள் இருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பாருங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள், முழுக் கொட்டைகள் வேண்டாம். இரண்டுமே தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியவை. சமைக்காத சிப்பியும் அரைவேக்காட்டு முட்டையும் பெரியவர்களோடு நிற்கட்டும். உணவகம் சம்மதித்திருந்தால், சிறு குடுவையில் தயிர்சாதம் எடுத்துப்போவது என் வழக்கம். புதிய சுவைகளை மகள் ஒரு வாய் பார்ப்பாள், பிறகு தயிர்சாதத்துக்குத் திரும்பிவிடுவாள். அந்த ஒரு வாய்க்காகவே அழைத்துப் போகலாம் என்று நினைக்கிறேன்.

கைப்பேசியை மேசைக்குக் கொண்டுவராமல் இருக்க முயல்கிறோம். பாட்டி துணியில் முடிச்சுப் போட்டு எலி செய்து காட்டினால் பத்து நிமிடம் ஓடிவிடும். பிள்ளை நெளியத் தொடங்கியதும், அழும் வரை காத்திருக்காமல் ஒருவர் வெளியே தூக்கிச் செல்லுங்கள். யுனிவர்சல் ஸ்டுடியோஸின் சுழலும் பூமி உருண்டை வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது, பார்க்க டிக்கெட் வேண்டாம்.

ஆறாம் படி: கிளம்புவது

இனிப்பு சொல்லும்போதே ரசீதையும் கேட்டுவிடுங்கள். தரையில் சிந்திய சோற்றை ஈரத்தாளால் நீங்களே திரட்டி ஒரு தட்டில் வைத்துவிட்டால் துடைப்பவருக்கு வேலை குறையும். பிறகு தள்ளுவண்டியைச் சாய்த்து, பிள்ளையைப் படுக்கவைத்து, செந்தோசா நடைபாலம் வழியாக விவோசிட்டிக்கு நடந்து திரும்புங்கள். மேலே கூரை இருக்கிறது, பக்கத்தில் கடல். என் மகள் பாலத்தின் பாதியிலேயே தூங்கிவிடுவாள்.