காசில்லாமல் லோகோ செய்த கதை

நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்யும் சின்னத் தொழில் என்னுடையது. முதல் லோகோவை ஓர் இலவச ஆப்பில் பத்தே நிமிடத்தில் செய்துவிட்டேன். பேனர் அடிக்கக் கொடுத்தபோதுதான் வினை. புள்ளிகளால் ஆன சிறிய பிஎன்ஜி படக் கோப்பைப் பெரிதாக்கியதில் எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி வந்து நின்றது. போதாக்குறைக்கு, அதே இறகுப் பேனா படம் இன்னொருவர் விசிட்டிங் கார்டிலும் இருந்தது. டெம்ப்ளேட் எல்லோருக்கும் பொதுதானே!

சரி, நாமே வரைவோம் என்று பென்சிலை எடுத்தேன். இருபது கிறுக்கல்களில் ஒன்று தேறியது: புத்தக முதுகு, அதில் மூன்று தையல். அதை போனில் படமெடுத்து, இலவச வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் போட்டேன். மென்பொருளே படத்தைப் பார்த்துக் கோடாக்கும்படி, தானாக டிரேஸ் செய்தால் கோடு முழுக்கப் புள்ளிகள், நெளிவுகள். அதை அழித்துவிட்டு, படத்தை அடியில் வைத்து கோடு வரையும் கருவியான பென் டூலால் கையாலேயே வரைந்தேன். ஒரு மாலை முழுவதும் போனது, ஆனால் கோடு சுத்தமாக வந்தது.

எழுத்துருவை கூகுள் ஃபான்ட்ஸில் எடுத்தேன். ஓப்பன் ஃபான்ட் உரிமம் உள்ளவற்றைத் தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். லோகோவில் உள்ள தொழிலின் பெயரை ‘பாத்’ ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிச் சேமித்ததால், அந்த எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியிலும் எழுத்து மாறவில்லை.

அப்புறம், ரொம்பச் சின்ன அளவிலும் தெளிவாகத் தெரிகிறதா என்று 16 பிக்சலுக்குச் சுருக்கிப் பார்த்தேன். மூன்று தையலும் ஒரே கறையாகத் தெரிந்தன. ஒன்றை எடுத்துவிட்டேன். வண்ணத்தைக் கடைசியில்தான் தொட்டேன். கறுப்பு வெள்ளையில் நிற்காத படத்தை எந்த வண்ணமும் காப்பாற்றாது என்பது என் கணக்கு. எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத எஸ்விஜி வடிவில் சேமித்த அதே கோப்புதான் இப்போது பேனருக்கும், ரப்பர் ஸ்டாம்புக்கும்.